குதிரை டாக்டர் பதில்கள்: தலை ஆடுது, ஆனா வலி கால்ல

மழை விடாம பெய்யுறதால இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல நொண்டுற குதிரைங்களைப் பத்திதான். எல்லாத்துக்கும் இடம் பத்தாது, நாலு மட்டும் எடுத்திருக்கேன்.

மேடம், என் மகளுக்கு 13 வயசு, ரைடிங் கத்துக்கிறா. முன்னாடி ரேஸ்ல ஓடின ஒரு குதிரையை லீஸ்ல எடுத்திருக்கோம். போன சனிக்கிழமை ட்ராட் (மிதமான துள்ளு ஓட்டம்) ஓடும்போது தலையை மேலயும் கீழயும் ஆட்டிட்டே இருந்துச்சு, நான் ஏதோ குஷியா இருக்குன்னு வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். மறுநாள் பாத்தா முன்னங்கால் ஒண்ணை தரையில வைக்கவே மாட்டேங்குது. கோச் ரெண்டு நாள் ரெஸ்ட் குடுங்கன்னு சொல்றாரு, லாயத்துல வேலை செய்யுற அண்ணன் குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்குன்னு சொல்றாரு. யார் சொல்றது சரி?
- ஒரு அம்மா, ஈசூன், சிங்கப்பூர்

அந்த அண்ணன் சொல்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா காலை ஊனவே மாட்டேங்குதுன்னா ரெஸ்ட்டும் வேண்டாம் யூகமும் வேண்டாம், அன்னிக்கே டாக்டரைக் கூப்பிடுங்க, ஏன்னா எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் வெளிய பாக்க இதே மாதிரிதான் இருக்கும்.

வீடியோவை டெலிட் பண்ணிராதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. முன்னங்கால்ல வலின்னா, வலிக்கிற கால் தரையில படும்போது தலை மேல போகும், நல்ல கால் படும்போது கீழ இறங்கும். கிட்டத்தட்ட 500 கிலோ உடம்பு, அதுல 60 சதவீதம் முன்னங்கால்மேல இருக்கு, அதனால அது தலையைத் தூக்கி பாரத்தைக் குறைக்கப் பாக்குது. கெட்டியான சமதரையில கயித்தைத் தளர்வா பிடிச்சு நேரா ட்ராட் ஓட்டிப் பாத்தா தெளிவா தெரியும். பின்னங்கால்னா தலையைப் பாக்காதீங்க, பின்னாடி நின்னு இடுப்பு எந்தப் பக்கம் ரொம்ப ஏறி இறங்குதுன்னு பாருங்க. உங்க குதிரையை இப்ப மட்டும் ஓட்டிப் பாக்காதீங்க, இது அடுத்த தடவைக்கு.

இன்னொண்ணு நீங்களே செய்யலாம். கணுவுக்குப் பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் விரலை மெதுவா வெச்சா நாடி துடிக்கும், சாதாரணமா இருக்கா இல்லையான்னே தெரியாது, தேடணும். சீழ் கட்டியிருந்தா அந்த ஒரு கால்ல மட்டும் டங்கு டங்குன்னு அடிக்கும், குளம்பும் சூடா இருக்கும். ரெண்டு முன்னங்கால்லயும் அப்படி அடிச்சு, குதிரை பாரத்தைப் பின்னாடி தள்ளி நிக்குதுன்னா அது லாமினைட்டிஸா, அதாவது குளம்புக்குள்ள வர்ற அழற்சியா இருக்கலாம், தீவனத்தை அதிகமா தின்னா கூட வரும், ரொம்ப அவசரம்.

சீழ்தான்னா டாக்டர் அடிக்குளம்புல சின்னதா செதுக்கி வழி விடுவாரு, கருப்பா நாத்தமா வடியும், பல்டீஸ் (சீழை இழுக்குற மருந்துப் பத்து) வெச்சுக் கட்டுவாரு, ஒண்ணு ரெண்டு நாள்லயே நடக்க ஆரம்பிச்சுரும். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க, கண்டிப்பா கேப்பாரு. குளம்புல ஆணி குத்தியிருந்தா அவசரப்பட்டு பிடுங்கிராதீங்க. ஆணியோட எக்ஸ்ரே எடுத்தாதான் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்குன்னு தெரியும், அதுவரைக்கும் சுத்தி மெத்துன்னு கட்டி, குதிரையை நகர விடாம வெச்சிருங்க.

உங்க கோச்சை நான் குறை சொல்லல, நானும் இதுல மாட்டினவதான். புதுசா வேலைக்குச் சேந்த வருஷம் ஒரு போலோ குதிரைக்கு தோள்பட்டைதான் பிரச்சினைன்னு மூணு நாள் தோளையே அமுக்கிட்டு இருந்தேன். நாலாவது நாள் லாடம் அடிக்கிற பெரியவர் வந்தாரு, காலைத் தூக்கி மடியில வெச்சாரு, ஒவ்வொரு ஆணியா தட்டிப் பாத்து ஒண்ணை மட்டும் உருவினாரு, அந்த ஓட்டையிலேர்ந்து கருப்புத் தண்ணி சொட்டுச்சு. ஒரு வார்த்தை பேசல, என்னைப் பாத்து சிரிச்சாரு அவ்வளவுதான். அதுலேர்ந்து எந்தக் கால் நொண்டுனாலும் குளம்புலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

ஜாயிண்ட் பவுடர் குடுத்தா நொண்டாம தடுக்கலாமா? மாசம் நூத்துக்கணக்குல வெள்ளி ஆகுது.
- வாசகர், புக்கிட் பாத்தோக்

எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. அந்தக் காசை லாடத்துக்குப் போடுங்க. குளம்பு மாசம் 6 லேர்ந்து 10 மில்லிமீட்டர் வளரும், நாலுலேர்ந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை சீவி லாடம் மாத்தணும், பலபேர் எட்டு வாரம் வரைக்கும் இழுக்குறாங்க. முன்பக்கம் நீண்டு போனா குதிகால் பக்கம் தாழ்ந்துரும், பின்பக்க டெண்டன் (தசையை எலும்போட இணைக்கிற நார்) ஒவ்வொரு அடிக்கும் கூடுதலா இழுபடும். முன்னாள் ரேஸ் குதிரைன்னா இன்னும் கவனம், அதுல நெறைய குதிரைக்கு அடிக்குளம்பே மெல்லிசா இருக்கும்.

ஏம்மா டாக்டர், நான் ரேஸ் மைதானம் புக்கிட் தீமாவுல இருந்த காலத்துலேர்ந்து ரேஸ் பாத்தவன், கிராஞ்சியில 2024 அக்டோபர் 5 கடைசி ரேஸ் அன்னிக்கும் போயிருந்தேன். மனுசனுக்கு கால் ஒடிஞ்சா மாவுக்கட்டு போடுறாங்க, குதிரைக்கு ஏன் ஊசி போட்டு முடிச்சுர்றாங்க?
- 74 வயசு வாசகர், அங் மோ கியோ

ஐயா, எல்லா முறிவுக்கும் அப்படி இல்ல, சின்ன விரிசலுக்கு ஸ்க்ரூ போட்டு திரும்ப ஓடின குதிரைங்க இருக்கு. ஆனா எலும்பு நொறுங்கிப் போனா கஷ்டம். முட்டிக்குக் கீழ சதையே கிடையாது, எலும்பு, டெண்டன், தோல் அவ்வளவுதான், ரத்த ஓட்டமும் கம்மி. மனுசன் மாதிரி ரெண்டு மாசம் படுக்க வைக்கவும் முடியாது, அந்த எடைக்கு நுரையீரலும் தோலும் கெட்டுரும். அதனால நின்னுட்டுதான் இருக்கும், பாரம் முழுக்க நல்ல கால்ல இறங்கும், கடைசியில அந்த நல்ல கால்லயே லாமினைட்டிஸ் வந்துரும். அமெரிக்காவுல பார்பரோன்னு ஒரு குதிரை, 2006ல கெண்டக்கி டெர்பி ஜெயிச்சு ரெண்டே வாரத்துல அடுத்த ரேஸ்ல பின்னங்கால் நொறுங்கிருச்சு. பெரிய ஆபரேஷன், எட்டு மாசம் போராடினாங்க, ஒடிஞ்ச கால் நல்லாவே கூடி வந்துச்சு, ஆனா மத்த கால்ல லாமினைட்டிஸ் வந்து 2007 ஜனவரியில ஊசி போட்டு முடிக்க வேண்டியதா போச்சு. எனக்கும் அந்த ஊசி போட்டு பழக்கமே ஆகல ஐயா.

அக்கா, நான் திருவாரூர் பக்கம், இங்க லாயத்துல சைஸ் வேலை, அதாவது குதிரையைப் பாத்துக்கிற வேலை. ரைடிங் முடிஞ்சதும் தினமும் கால்ல பைப் தண்ணி அடிக்கச் சொல்றாங்க, ஆனா குளம்பு எப்பவும் ஈரமாவே இருக்கு, அடியில கருப்பா நாத்தம் வருது. தண்ணி அடிக்கலாமா வேணாமா? காலைல ஒவ்வொரு காலா தொட்டுப் பாத்தா சூப்பர்வைசர் லேட் பண்றேன்னு திட்டுறாரு.
- ஒரு தம்பி, கிராஞ்சி பக்கம்

தண்ணி அடி தம்பி, ஆனா எங்க அடிக்கிறோம்னு பாத்து அடி. வேகமா ஓடி முடிச்சதும் டெண்டன் உள்ள 45 டிகிரி வரைக்கும் கொதிக்கும், அதனால முட்டிலேர்ந்து கணு வரைக்கும் பின்பக்கமா பத்து இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணி நல்லது. முடிஞ்சதும் கையால தண்ணியை வழிச்சு விட்டு, துண்டால கணு மடிப்பையும் குளம்பையும் துடைச்சு, காய்ஞ்ச இடத்துல நிப்பாட்டு. ஈர மரத்தூள்ல மறுபடி நிப்பாட்டுனா செஞ்சது எல்லாம் வீண், நம்ம ஊரு புழுக்கத்துல குளம்பு தானா காயவே காயாது.

அந்தக் கருப்பு த்ரஷ்னு சொல்ற அழுகல். அடியில வி மாதிரி மெத்துன்னு ஒண்ணு இருக்குல்ல, அதோட ரெண்டு ஓரப் பள்ளத்துலயும் நடுப் பள்ளத்துலயும் வரும். தினமும் ரெண்டு வேளை கொக்கியால சுத்தம் பண்ணு, குதிகால்லேர்ந்து முன்பக்கமா இழு, அப்பதான் மெத்துன்னு இருக்கிறது கிழியாது. பஞ்சு உள்ள முழுசா இறங்குற அளவுக்கு பள்ளம் ஆழமா இருந்தா, தொட்டதும் காலை உதறுனா, டாக்டர்கிட்ட சொல்லு.

காலைல தொட்டுப் பாக்குறதை மட்டும் விட்டுறாத. டெண்டன்ல லேசான சூடு, ஒரு விரல் அகல வீக்கம், குதிரை நொண்டுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கைக்குத் தெரிஞ்சுரும். அதைக் கவனிக்காம ஓட்டி டெண்டன் கிழிஞ்சா ஒன்பது மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் குதிரை ஓடாம நிக்கணும். நாலு காலுக்கும் சேத்து மூணு நிமிஷம்தான் ஆகும், சூப்பர்வைசர் கேட்டா இந்தப் பக்கத்தைக் காட்டு. அவரு தமிழ் படிக்க மாட்டாருன்னா சனிக்கிழமை காலைல அந்தப் பக்கம் வருவேன், நானே பேசிக்கிறேன்.