பழைய ட்ரெய்லர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்க்ரூ தலையைப் பாருங்கள்

கேள்வி: நான் ஓவியம் வரைபவள், டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருக்கிறேன். சுவர், பழைய கதவு, மேசை என்று எல்லாவற்றிலும் வரைந்தாயிற்று, இப்போது ஆசை பழைய டிராவல் ட்ரெய்லர் (காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் குட்டி வீட்டு வண்டி) மேல் போயிருக்கிறது. ஒன்றை வாங்கிச் சரிசெய்து, உள்ளும் புறமும் வரைந்து, அதிலேயே கண்காட்சிகளுக்குப் போய்வர வேண்டும். 1962-ல் செய்த ஷாஸ்டா கம்பெனி ட்ரெய்லர் ஒன்று, 16 அடி, பின்பக்கம் அலங்காரச் சிறகோடு, 'முழுவதும் ரெஸ்டோர் செய்தது' என்று 11,000 டாலருக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். புதினாப் பச்சையும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறிக்கிறது. அதே வயதில் இன்னொன்று, வெளுத்துப்போய், ஒரு ஜன்னல் உடைந்து கிடக்கிறது, 3,200 கேட்கிறார்கள். முதலாவதையே வாங்கு என்கிறார் கணவர். நான் எதை வாங்க?

பதில்: நீங்கள் ஓவியர். அப்படியிருக்க வேறு யாரோ அடித்த பெயின்டுக்கு எதற்காகப் பணம் கொடுக்கப் போகிறீர்கள்? வாங்கிய மறுவாரமே அந்தப் புதினாப் பச்சைக்கு மேல் வரையத்தானே போகிறீர்கள்.

ஆனால் என் கவலை அதுவல்ல. ஊரில் பழைய காரை விற்பதற்கு முன் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பார்கள் அல்லவா, இங்கே ட்ரெய்லருக்கும் அதே வைத்தியம் நடக்கிறது. இந்த வண்டிகளைத் தகரப் பெட்டி என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் இவை மரப்பெட்டிகள். மெல்லிய மரச் சட்டங்களால் கூடு கட்டி, உள்பக்கம் பிர்ச் பிளைவுட் அடித்து, கடைசியாகத்தான் வெளியே அலுமினியத் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். வண்டியைத் தாங்குவது மரம், தகடு வெறும் சட்டை. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் விளிம்பில் நீளமாக ஒரு அலுமினியப் பட்டை ஓடும், அதற்கடியில் புட்டி இருக்கும். அறுபது வருடத்தில் அந்தப் புட்டி காய்ந்து வெடித்து, மழைத்தண்ணீர் இறங்கி, சட்டம் கீழ் மூலையிலிருந்து இற்றுப்போகத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எனவே அந்தப் பச்சை வண்டியைப் பார்க்கப் போகும்போது அந்த விளிம்புப் பட்டையில் உள்ள ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கிட்டே குனிந்து பாருங்கள். ஒழுங்காகச் சரிசெய்தவர் என்றால் பட்டையைக் கழற்றி, பழைய புட்டியைச் சுரண்டி, புது பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்துத் திரும்பப் பூட்டியிருப்பார். ஸ்க்ரூ புதிதாக இருக்கும், தலையில் பெயின்ட் இருக்காது. ஸ்க்ரூ தலையின் பள்ளம் பெயின்டால் மூடிப்போய், தகடும் பட்டையும் ஒரே பூச்சில் ஒட்டிக்கிடந்தால், பெயின்ட் அடித்த நாளிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதை ரெஸ்டோர் என்று சொல்லக்கூடாது, வெள்ளையடித்தது என்று சொல்லலாம்.

அப்புறம் உள்ளே போங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். ஈரச்சாக்கு வாடை வந்தால் அதை எந்த ஊதுபத்தியும் மறைக்காது (ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தால் இரட்டிப்புச் சந்தேகம்). ஜன்னலுக்குக் கீழேயும், இருக்கைப் பெட்டிக்குள் தரை ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட் அழுத்தத்தைத் தாங்கும். கெட்டுப்போனது ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். உள்சுவரை வெள்ளை பெயின்டால் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் காலத்துப் பிர்ச் சுவர் தேன் நிறத்தில் பளபளக்கும், அதன் அழகே அதுதான், கறை படியாத ஒன்றை மூட யாருக்கும் மனசு வராது.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கியதும் இப்படி ஒரு சிங்காரித்த வண்டிதான். விற்றவர் நல்ல மனிதராகவே பேசினார், காபி எல்லாம் கொடுத்தார். முதல் கோடையிலேயே பெயின்ட், அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்தது, பிரைமர் இல்லாமல் வெறும் தகட்டில் அடித்திருக்கிறார்கள். சரி, உரித்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம் என்று ஒரு மூலைத் தகட்டைத் தூக்கினால் உள்ளே சட்டம் இல்லை, மண் மாதிரி பழுப்புத் தூள்தான் கொட்டியது. கையெழுத்துப் போட்டது 'உள்ளது உள்ளபடி' என்ற ரசீதில், தனியாரிடம் வாங்கியது, யாரிடம் போய்க் கேட்பது?

உங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரம் மாற்ற வேண்டுமென்றால் வெளித்தகட்டைக் கழற்றியே ஆகவேண்டும். நீங்கள் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த பிறகு மரம் கெட்டது தெரிந்தால் ஓவியத்தோடு சேர்த்துத்தான் பிரிக்கவேண்டும். எனவே முதலில் தச்சு, பிறகு ஒயரிங், கேஸ் குழாய், சக்கரம், கடைசியில்தான் தூரிகை. கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஓவியருக்குக் கஷ்டம்தான், தெரியும்.

வெளுத்துப்போன 3,200 டாலர் வண்டியையும் இதே கண்ணோடு பாருங்கள், அழுக்காக இருப்பதால் மட்டும் அது யோக்கியமாகிவிடாது. உடைந்த ஜன்னல் வழியாக எத்தனை மழை இறங்கியதோ. மரம் காய்ந்து கெட்டியாக இருந்து, காகிதமும் சரியாக இருந்தால் அதையே எடுங்கள், மிச்சப் பணம் ஆக்சிலுக்கும் பிரேக்குக்கும் போகட்டும். டயரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள், 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரம் செய்தது. தேய்மானம் தெரியாவிட்டாலும் பழைய டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

காகிதம் என்றது டைட்டில், நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி. 17 எழுத்து-இலக்கம் கொண்ட வண்டி அடையாள எண் 1981-லிருந்துதான் வந்தது, இந்த வண்டியில் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். முன்பக்க இரும்புச் சட்டத்திலோ கதவோரத் தகட்டிலோ உள்ள எண்ணும் டைட்டிலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே துடைத்துப் படியுங்கள். டைட்டில் தொலைந்துவிட்டது, வாங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றால், விற்பவரே எடுத்துத் தரட்டும். டெக்சஸில் டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றுவது கவுண்டி வரி அலுவலகத்தில் நடக்கும் வேலை, பணம் கொடுக்கும் முன் அங்கே ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

பெயின்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்காதீர்கள், 1978 வரை வீட்டுப் பெயின்டிலேயே ஈயம் கலக்க அனுமதித்த நாடு இது, முதலில் சோதித்துவிட்டு ஈரமாகத் தேயுங்கள். எண்ணெய்ப்பசை போகக் கழுவி, தகட்டை லேசாகச் சொரசொரப்பாக்கி, அலுமினியத்தைப் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடித்து, அதற்கு மேல் எனாமல். பூ, எழுத்து எல்லாம் வரைய சைன்போர்டு ஓவியர்கள் கையாளும் ஒன் ஷாட் எனாமல் போதும். கான்வாஸுக்கு வாங்கிய அக்ரிலிக்கை அப்படியே வெயிலில் விட்டால் டெக்சஸ் வெயில் பதில் சொல்லிவிடும்.

வாங்கும் முன் ஒரு ராத்திரி இப்படியொன்றில் தூங்கிப் பார்ப்பதும் நல்லது. அரிசோனாவில் பிஸ்பீ ஊரில் ஷேடி டெல் என்று ஒரு இடம் இருக்கிறது, பழைய ட்ரெய்லர்களையே அறைகளாக வாடகைக்கு விடுகிறார்கள். சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை என்ற பெண்கள் குழுவையும் விசாரியுங்கள், 1999-ல் இரண்டு சகோதரிகள் தொடங்கியது, வண்டிகளில் விதவிதமாக வரைந்துகொண்டு ஊர் ஊராகக் கூடுகிறார்கள். எந்த வண்டி எங்கே ஒழுகும் என்று அவர்களைவிட யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: மாமனார் வைத்திருந்த 1960-களின் ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லர் (வெளியே பெயின்ட் இல்லாத வெள்ளி நிற அலுமினிய வண்டி) எங்களுக்கு வந்திருக்கிறது. மகள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள், வெளிப்புறம் முழுக்க வரைகிறேன் என்கிறாள். விலை குறைந்துவிடுமா? (ஓஹாயோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: குறையும் வாய்ப்புதான் அதிகம். ஷாஸ்டா மாதிரி வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே பெயின்டோடு வந்தவை, ஏர்ஸ்ட்ரீமைத் தேடுபவர்கள் தேடுவது அந்த வெறும் அலுமினியத்தை, ரிவெட் வரிசையை. மேல்பூச்சை உரித்துக் கண்ணாடி மாதிரி மெருகேற்றப் பல வாரக்கடைசிகளைச் செலவழிப்பார்கள், பூ வரைந்ததைப் பார்த்தால் அதை உரிக்கும் கூலியைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார்கள். விற்கும் எண்ணமே இல்லை என்றால் மகள் வரையட்டும், வண்டி உங்களுடையது. மனசு இரண்டாக இருந்தால் கூடாரத் துணி, உள் அலமாரிக் கதவுகள், மேசைப் பலகை இவற்றைக் கொடுங்கள், கழற்றி மாற்றக்கூடியவை. உங்கள் ஓஹாயோவிலேயே ஜாக்சன் சென்டரில் ஏர்ஸ்ட்ரீம் தொழிற்சாலை இருக்கிறது, ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்வாருங்கள், அதற்குப் பிறகும் தூரிகையை எடுக்கிறாளா என்று பார்க்கலாம்.

கேள்வி: வண்டி வாங்க 4,000, சரிசெய்ய 9,000 செலவழித்தேன். இன்சூரன்ஸ்காரர் 4,000-க்குத்தான் மதிப்புப் போடுகிறார்.

பதில்: அவர் சாதாரண பாலிசியில் போட்டிருப்பார், அதில் தேய்மானம் கழித்த சந்தை மதிப்புதான் கிடைக்கும். 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று பழைய வண்டிகளுக்குத் தனி பாலிசி இருக்கிறது, அதைக் கேளுங்கள். ரசீதுகளையும், தகட்டைக் கழற்றியபோது எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். படம் எடுத்தீர்களா இல்லையா?