பரதம் ஆடுகிற பெண்ணுக்கு ஆப்பிரிக்க நடன வகுப்பு கெடுதலா?

அக்கா, அமெரிக்காவில் நடனப் பட்டப்படிப்புக்குப் போகும் மகளுக்கு முதல் வருஷமே ஆப்பிரிக்க நடனம் கட்டாயம், அதில் அரைமண்டி (முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) கெட்டுவிடும் என்று கடலூர் டீச்சர் பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். கெடாது. மேற்கு ஆப்பிரிக்க நடனங்களிலும் முழங்கால் மடங்கித்தான் இருக்கும், எடை தரைக்கே இறங்கும்.

திணறப்போவது முதுகில். பரதத்தில் நெஞ்சும் முதுகும் பலகை மாதிரி நிமிர்ந்து நிற்கும். அங்கே முதுகெலும்பு நெளிய வேண்டும். அமெரிக்க நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹாம் 1935-36இல் ஹெய்ட்டி முதலான கரீபியத் தீவுகளில் தங்கி ஆராய்ந்தவர். அந்த அசைவுகளையும் பாலேயையும் சேர்த்து ஒரு பயிற்சி முறையே வகுத்தார். அந்த முறையில் தலை, தோள், விலா, இடுப்பு எல்லாம் தனித்தனியாக அசையும். அட்டமி (கழுத்தைப் பக்கவாட்டில் அசைப்பது) பழகிய பிள்ளைக்குக் கழுத்து சுலபம், விலாவில்தான் மாட்டிக்கொள்வாள். இப்போதே கண்ணாடி முன் நின்று, இடுப்பை அசைக்காமல் விலாவை மட்டும் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். தாளம் பற்றிக் கவலையே வேண்டாம், திஸ்ரமும் சதுஸ்ரமும் (மூன்று, நான்கு என்ற தாளக் கணக்குகள்) சொன்ன வாய்.

கல்லூரியில் ஒன்று மட்டும் கேளுங்கள்: வகுப்பில் ஜெம்பே என்கிற மேற்கு ஆப்பிரிக்க மேளத்தை நேரில் வாசிக்கிறார்களா, பதிவு போடுகிறார்களா? அடுத்த அசைவுக்கு மாறச் சொல்வதே மேளக்காரரின் அடிதான். நம்மூரில் நட்டுவாங்கம் (தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது) கேட்டு வளர்ந்தவள், சட்டென்று பிடித்துக்கொள்வாள்.