பியானோ முன் உட்கார்ந்தா குதித்தார்?

கேள்வி: 'வளர்ந்துவரும் பிரிட்டிஷ் ராப் பாடகர் டேவ், சமூக அக்கறை உள்ளவர்' என்று என் மகன் ஓயாமல் புகழ்கிறான். மேடையில் குதித்துக் கும்மாளம் போடுகிறவருக்கு அரசியல் எதற்கு? எல்லாம் விளம்பரம்தானே?

பதில்: 'வளர்ந்துவரும்' என்பதை முதலில் அடித்துவிடுகிறேன். தெற்கு லண்டன் ஸ்ட்ரெத்தமில் வளர்ந்த, நைஜீரியப் பெற்றோரின் பிள்ளை டேவ். 2019இல் 'சைக்கோட்ராமா' என்ற முதல் ஆல்பத்துக்கே, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்க்குரி பரிசை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 21.

குதிப்பதற்கு வருவோம். 2020 பிப்ரவரி, பிரிட்டனின் பெரிய இசை விருது விழாவான பிரிட் விருது விழா. டேவ் பியானோ முன் உட்கார்ந்து, கறுப்பராக வாழ்வது பற்றிய 'பிளாக்' பாட்டை வாசித்துப் பாடினார். இறுதியில், இசைத்தட்டில் இல்லாத புதிய வரிகளைச் சேர்த்தார். அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் ஓர் இனவெறியர் என்றார். 2017இல் 72 பேரைப் பலிகொண்ட லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்தை நினைவுபடுத்தினார். இதெல்லாம் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. அப்போதைய உள்துறை அமைச்சர் ப்ரீத்தி படேல், பிரதமர் மீதான அந்தக் குற்றச்சாட்டை அபத்தம் என்று தள்ளினார். ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் அதே இரவில் டேவுக்குத்தான். விளம்பரம் மட்டும் வேண்டியவர், ஊரே முணுமுணுக்கும் ஹிட் பாட்டு ஒன்றைப் பாடிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருப்பார். பிரதமரைச் சீண்டுவானேன்?

கும்மாளமும் உண்டு, மறுக்கவில்லை. 2019இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில், கூட்டத்திலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையனை மேடைக்கு அழைத்தார். தியாகோ சில்வா என்ற கால்பந்து வீரரின் பெயரில் பாட்டு. பையன் போட்டிருந்ததும் அந்த வீரரின் பெயர் பொறித்த சட்டைதான். ஒரு சொல் பிசகாமல், டேவுக்கு ஈடுகொடுத்துப் பாடித் தீர்த்தான். அதில் சமூக நீதி ஏதும் இல்லை, சுத்தமான குதூகலம். இருபத்தொரு வயதுப் பிள்ளை இருபத்துநான்கு மணி நேரமும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன?

முதல் ஆல்பமான அந்த 'சைக்கோட்ராமா'விலேயே 'லெஸ்லி' என்றொரு பாட்டு. துணையின் வன்கொடுமையில் சிக்கிய ஒரு பெண்ணின் கதை. பதினோரு நிமிடம்! மூன்று நிமிடத்துக்கு மேல் பொறுமையில்லாத வானொலிக்கு அது ஆகாது என்று தெரிந்தே போட்டிருக்கிறார். மகனிடம் அதை ஒலிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் வேகமாக ஓடினால் அவனையே பக்கத்தில் உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள். பாதியில் காபி குடிக்க எழுந்து போகாதீர்கள்.