வாசகர் கேள்வி பதில்: ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாட நன்றாக இருக்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேமைப் பற்றித்தான். 2018 அக்டோபரில் வந்த கேம், இன்னமும் யாராவது புதிதாக வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள், தள்ளுபடி போடும்போதெல்லாம் இங்கே கேள்விகளும் வந்து குவிகின்றன. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். கதையின் முடிவை எங்கேயும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கேள்வி: ஜிடிஏ 5-ஐ மூன்று முறை முடித்துவிட்டேன். அதே ராக்ஸ்டார் கம்பெனியின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஒரு நண்பன் இதைப்போல ஒரு கேம் ஆடினதே இல்லை என்கிறான். இன்னொருவன், சும்மா குதிரையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், தூக்கம் வரும் என்கிறான். யாரை நம்புவது? (கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டு பேரையும் நம்புங்கள். குதிரையில் போய்க்கொண்டேதான் இருப்பீர்கள். அது பிடித்துப்போனால் முதல் நண்பன் சொன்னது நடக்கும், பிடிக்காவிட்டால் இரண்டாமவன் சொன்னது.

கதை 1899-ல், அமெரிக்காவில் நடக்கிறது. டச் வான் டெர் லிண்ட் என்பவனின் கொள்ளைக் கூட்டம் பிளாக்வாட்டர் என்ற ஊரில் ஒரு படகைக் கொள்ளையடிக்கப் போய், அது சொதப்பி, ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு பனிமலைக்குள் ஓடி ஒளிகிறது. டச் சிறு வயதிலிருந்து எடுத்து வளர்த்த ஆர்தர் மார்கன்தான் நீங்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு முகாமில் சேர்ந்து வாழ்கிறார்கள், சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். போலீஸும் பிங்கர்டன் துப்பறியும் ஆட்களும் நெருங்க நெருங்க அந்தக் குடும்பம் எப்படி உள்ளுக்குள்ளேயே உடைகிறது என்பதுதான் கதை.

ஜிடிஏ 5 ஆடிப் பழகிய கைக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அங்கே ஒரு காரை எடுத்து, இடித்து, எரித்துவிட்டு அடுத்த காரில் ஏறிவிடலாம். இங்கே எதையும் அப்படித் தூக்கிப்போட முடியாது. ஒரு மானைச் சுடுகிறீர்கள் என்று வையுங்கள். சரியான இடத்தில் படவில்லையென்றால் அது கீழே விழுந்து கத்திக்கொண்டு கிடக்கும், நீங்கள்தான் கிட்டே போய் முடித்துவைக்க வேண்டும். அப்புறம் ஆர்தர் மண்டியிட்டு, கத்தியால் கீறி, தோலை இரண்டு கையாலும் இழுத்து உரிப்பான், சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குதிரை வரைக்கும் நடந்து போய் அதன் முதுகின் பின்பக்கம் போடுவான். சட்டையில் ரத்தம் அப்படியே இருக்கும். இது ஒவ்வொரு முறையும் நடக்கும், வேகமாக ஓட்டிவிட பட்டன் கிடையாது. விட்டுவந்த உடலைத் தேடி நாலு நாள் கழித்து அதே இடத்துக்குப் போனால் அழுகிக் கிடக்கும்.

இது யாருக்கு வேண்டும் என்று நானும் முதல் பத்து மணி நேரம் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். மேப்பில் மஞ்சள் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குதிரையை விரட்டிக்கொண்டு போனேன், சலித்தது. ஒரு நாள் மிஷன் (கேம் கொடுக்கிற வேலை) எதையும் தொடாமல் சும்மா ஹார்ட்லேண்ட்ஸ் புல்வெளிப் பக்கம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு மேட்டின் மேல் குதிரையை நிறுத்தினேன். தூரத்தில் மின்னல் வெட்டுகிறது, அதற்குக் கீழே ஒரு ரயில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறது, குதிரை தலையை உதறி ஈரத்தைத் தட்டிவிடுகிறது. நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம்தான் ஓடுவதை விட்டேன், கேமும் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

வழியில் யாராவது கூப்பிட்டால் நின்று பாருங்கள். பாம்பு கடித்துவிட்டது, விஷத்தை எடுங்கள் என்று ஒருவன் அலறுவான். காப்பாற்றினீர்கள் என்றால், வெகு நாள் கழித்து ஊருக்குள் துப்பாக்கிக் கடை வாசலில் அவன் உட்கார்ந்திருப்பான், உங்களை அடையாளம் கண்டு, உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள், காசு நான் கொடுக்கிறேன் என்பான். அவன் இப்படித் திரும்ப வருவான் என்று கேம் முன்கூட்டி எங்கேயும் சொல்லாது, நீங்கள் நிற்காமல் போயிருந்தால் அந்த ஆளே உங்களுக்கு இல்லை. எதிரே வருகிற யாரிடமும் வணக்கம் சொல்லலாம், வம்புக்கும் இழுக்கலாம், அதற்கேற்ப உங்கள் நற்பெயர் ஏறும், இறங்கும்.

குறை எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுதான். உலகம் இவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது, ஆனால் கதை மிஷனுக்குள் நுழைந்துவிட்டால் அந்தச் சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இங்கே நில், இவன் பின்னால் போ, இப்போது சுடு. பக்கவாட்டில் சுற்றிவந்து தாக்கலாம் என்று கொஞ்சம் தள்ளிப் போனால் மிஷன் தோல்வி என்று வந்துவிடும். கடைசி அத்தியாயங்களில் துப்பாக்கிச் சண்டைகள் ஒரே மாதிரி அடுத்தடுத்து வருகின்றன. அவற்றைத் தாங்க வைப்பது ஆர்தராக நடித்த ரோஜர் கிளார்க்கின் குரல்தான். கேம்களுக்கான விருது விழாவான 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது அவருக்குக் கிடைத்தது, கதைக்கும் இசைக்கும்கூட இந்த கேம் வாங்கியது.

வாங்குங்கள். ஆனால் செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் வேண்டாம், கதையை மட்டும் முடிக்கவே சுமார் 50 மணி நேரம் ஆகும்.

கேள்வி: பனிமலையில் நடந்து நடந்து வெறுத்துப்போய், இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் நன்றாக இருக்குமா? (ஐடி ஊழியர்)

பதில்: நீங்கள் நிறுத்திய இடம் கேமே இல்லை, வாசல்படி. முதல் அத்தியாயம் முழுக்கப் பனி, கையைக் கட்டிவைத்ததைப் போலத்தான் இருக்கும், அங்கே உலகம் இன்னும் திறக்கவே இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் கூட்டம் கீழே இறங்கி ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் என்ற மேட்டில் கூடாரம் போடும், பக்கத்திலேயே வேலன்டைன் என்ற சேறும் சகதியுமான சின்ன ஊர். அங்கே போய் ஒரு குதிரை வாங்குங்கள். முகாமில் லெனி என்ற இளைஞனோடு குடிக்கப் போகிற ஒரு மிஷன் வரும், அதை மட்டும் ஆடிப் பாருங்கள். அது முடிந்த பிறகும் சிரிப்பு வரவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம், இது உங்களுக்கான கேம் இல்லை.

தூரம்தான் பிரச்சினை என்றால் மேப்பில் போகும் இடத்தைக் குறித்துவிட்டு, குதிரையை ஓடவிட்டு, சினிமா கேமராவுக்கு மாற்றுங்கள். பாதையைப் பிடித்து அதுவே கொண்டுபோய் விடும். ஊருக்கு ஊர் குதிரை வண்டியும் ரயிலும் உண்டு.

கேள்வி: என் குதிரை செத்துப்போய்விட்டது. கேம்தான் என்று தெரியும், ஆனாலும் அன்றைக்கு மேற்கொண்டு ஆட முடியவில்லை. தப்பித்திருக்க வழி இருந்ததா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: நீங்கள் மட்டும் இல்லை. நான் முதலில் வளர்த்தது ஒரு சாம்பல் நிறக் குதிரை. தினமும் பிரஷ் போட்டு, கேரட் கொடுத்து, பாம்பைப் பார்த்து மிரளும்போது தட்டிக்கொடுத்து, உறவு நான்காம் நிலைக்கு வந்திருந்தது. அதுதான் கடைசி நிலை. ஒரு ராத்திரி காட்டுக்குள் முழு வேகத்தில் விரட்டி மரத்தில் கொண்டுபோய் மோதினேன். எழுந்து பார்த்தால் அது புல்லில் கிடந்து மூச்சு வாங்குகிறது, என் பையில் மருந்து இல்லை. ஆர்தர் அதன் கழுத்தைத் தடவுகிற அந்தச் சில நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது.

வழி உண்டு. லாயத்திலும் கடைகளிலும் குதிரையை உயிர்ப்பிக்கிற மருந்து விற்பார்கள், அதில் ஒன்றாவது எப்போதும் பையில் இருக்கட்டும். குதிரை அடிபட்டு விழுந்ததும் கொஞ்ச நேரம் அவகாசம் இருக்கும், அதற்குள் கொடுத்தால் எழுந்துவிடும். சண்டை நடக்கப் போகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் முன்பே இறங்கி, குதிரையைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மரங்களுக்கு நடுவே வேகத்தைக் குறையுங்கள். புதிதாக வாங்க மனம் வரவில்லையென்றால் வடமேற்கே பனிமலையில் இசபெல்லா ஏரிக்குப் போங்கள், அங்கே வெள்ளை அரேபியக் குதிரை ஒன்று காட்டில் திரிகிறது. மெதுவாக நெருங்கி, மிரளும்போதெல்லாம் நின்று சமாதானப்படுத்தி, பிடித்துக்கொள்ளலாம். எனக்கு நாலு தடவை தப்பி ஓடியது.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. வகுப்பில் எல்லாரும் ஆடுகிறார்கள் என்று இந்த கேமைக் கேட்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு தாய்)

பதில்: வேண்டாம் அம்மா. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது, அமெரிக்காவில் 17 வயது என்று தரச்சான்று கொடுத்திருக்கிறார்கள், அது சும்மா கொடுத்தது இல்லை. ரத்தம், சித்திரவதை, குடி, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. இந்தக் கதையின் கனம் அவனுக்கு இப்போது புரியவும் புரியாது, சுடுவது மட்டும்தான் மனதில் நிற்கும். ஐந்து வருடம் பொறுக்கச் சொல்லுங்கள், கேம் எங்கேயும் போய்விடாது.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் ஓடுமா? 8 ஜிபி ராம், பழைய கிராஃபிக்ஸ் கார்டு.

பதில்: 8 ஜிபி ராம் என்பது குறைந்தபட்ச அளவு, ஓடும், ஆனால் எல்லாவற்றையும் குறைத்து வைக்க வேண்டியிருக்கும். நன்றாக ஆட 12 ஜிபி ராமும், என்விடியா ஜிடிஎக்ஸ் 1060-ல் 6 ஜிபி கார்டும் வேண்டும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. டிஸ்க்கில் 150 ஜிபி காலி இடம் வேண்டும், முதலில் அதைப் பாருங்கள். தமிழில் சப்டைட்டில் கிடையாது, ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள், அவர்கள் பேசும் பழைய காலத்து ஆங்கிலம் காதில் சட்டென்று பிடிபடாது.

கேள்வி: நான் சரித்திர ஆசிரியர். என் பையன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்தேன். ஊர்ப் பெயர் எல்லாம் கற்பனை என்கிறான். அப்படியானால் இதில் நிஜம் எவ்வளவு?

பதில்: ஊர்களும் மாநிலங்களும் கற்பனைதான். செயின்ட் டெனிஸ் என்ற பெரிய ஊர் நியூ ஆர்லியன்ஸைப் பார்த்துச் செய்தது, டிராம் வண்டியும் சதுப்பு நிலமும் இரும்பு வேலைப்பாடு செய்த மாடங்களுமாக. ஆனால் காலத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குடியேற்றம் எட்டாத நிலத்தைப் பிரிக்கும் எல்லைக்கோடு என்று சொல்ல இனி ஒன்றும் இல்லை என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி அமெரிக்க அரசு அறிவித்துவிட்டது. அதற்கு ஒன்பது வருடம் கழித்து, ஓட இடமில்லாத நாட்டில் கொள்ளைக்காரனாக இருப்பது எப்படி என்பதுதான் இந்தக் கதையின் வேதனையே.

பிங்கர்டன் நிஜ நிறுவனம். ஆலன் பிங்கர்டன் 1850-ஐ ஒட்டி சிகாகோவில் தொடங்கியது, ரயில் கொள்ளைக்காரர்களைப் பிடிக்க ரயில் கம்பெனிகள் அவர்களைத்தான் கூலிக்கு அமர்த்தின. தங்கள் பெயரைப் பயன்படுத்தியதற்கு அந்த நிறுவனம் ஆட்சேபித்து, 2019-ல் விஷயம் கோர்ட்டு வரைக்கும் போய், அப்புறம் இரு தரப்பும் விட்டுவிட்டார்கள். கதை நடக்கிற அதே 1899-ல், ஜூன் 2-ம் தேதி, வயோமிங்கில் வில்காக்ஸ் என்ற இடத்தில் வைல்ட் பன்ச் என்ற கூட்டம் யூனியன் பசிபிக் ரயிலைக் கொள்ளையடித்தது. அந்தக் கூட்டத்தின் தலைவன் புட்ச் காசிடி, துரத்தல் தாங்காமல் 1901-ல் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். கேமில் டச் எப்போது பார்த்தாலும், இன்னும் கொஞ்சம் பணம், அப்புறம் கடல் தாண்டிப் போய்விடலாம் என்பான். அந்த நினைப்பு அந்தக் காலத்தில் நிஜமாகவே சிலருக்கு இருந்தது.

உங்கள் பையனிடம் ஒரு மிஷனை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஆர்தரும் அதே கூட்டத்தைச் சேர்ந்த சார்ல்ஸும் காட்டெருமை வேட்டைக்குப் போவார்கள், சார்ல்ஸின் தாய் செவ்விந்தியப் பெண். வழியில் யாரோ வேண்டுமென்றே கொன்று, அப்படியே அழுகப் போட்டுவிட்டுப் போன காட்டெருமைகளைப் பார்த்து சார்ல்ஸ் கொதித்துப்போவான். அந்த நாட்டில் கோடிக்கணக்கில் மேய்ந்த மிருகம், 1880-களின் முடிவில் காட்டில் சில நூறுதான் மிஞ்சியிருந்தது. தோலுக்காகக் கொன்றார்கள், அதை நம்பிப் பிழைத்த மக்களின் வாழ்க்கையும் அதோடு சேர்ந்து நொறுங்கியது. வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்ல வேண்டியதை சார்ல்ஸின் முகம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. கேமில் நீங்களும் காட்டெருமையைச் சுட முடியும். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை வரவில்லை.

கேள்வி: முதல் பாகம் ஆடாமல் நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம், போவதுதான் நல்லது. 2010-ல் வந்த முதல் பாகத்தின் கதை 1911-ல் நடக்கிறது, இரண்டாம் பாகம் அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தியது. இதே கூட்டத்தில் இருக்கிற ஜான் மார்ஸ்டன் அங்கே நாயகன். இரண்டை முடித்த கையோடு முதல் பாகத்துக்குப் போனால், அங்கே ஜான் பழைய ஆட்களின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் ஒவ்வொருவரும் முகாமில் எந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் வரும். முதல் பாகமும் 2024 அக்டோபரிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிறது. இரண்டையும் முடிக்கும் வரை யூடியூப் பக்கம் மட்டும் போகாதீர்கள், வீடியோவின் தலைப்பிலேயே முடிவைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.