டெண்டர் விடுவதற்கு முன்னால் கேளுங்கள்

கேள்வி: எங்கள் நகரில் மனை போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள், ஓரத்தில் ஒரு ஷெட்டும் வந்துவிட்டது. இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: தாராளமாக உண்டு. ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்காக ஒதுக்கிய நிலம் (Open Space Reservation) என்று சொல்வது இதைத்தான். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதற்குப் பதிலாகப் பணம் கட்ட முடியாது, நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்தப் பத்திரத்தையும் அனுமதி பெற்ற மனை வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் பேசுங்கள். கையில் காகிதம் இல்லாமல் போனால் ஷெட் போட்டவரோடு வாய்ச்சண்டைதான் மிஞ்சும்.

பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கான இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். குடியிருப்பவர்கள் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் 1991-ல் ஜெயித்தார்கள். மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

கேள்வி: பூங்கா இருக்கும் இடத்தில் அரசு அலுவலகமோ அரங்கமோ வந்தால் என்ன தவறு? அதுவும் பொதுப் பயன்பாடுதானே?
- வாசகர், பெரம்பூர்

பதில்: சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள். ட்ரெவெல்யன் கவர்னராக இருந்த 1859-60 காலத்தில் அங்கே 'பீப்பிள்ஸ் பார்க்' என்று 116 ஏக்கரில் பூங்கா போட்டார்கள். அதில் விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் கட்டடம் வந்தது, ஸ்டேடியமும் வந்தது. உள்ளேயிருந்த மிருகக்காட்சிசாலை 1985-ல் வண்டலூருக்குப் போனது. ஒவ்வொன்றும் பொதுக் காரியம்தான், ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. பூங்கா என்று மிஞ்சியது மை லேடிஸ் பூங்காதான். வடசென்னைக்காரரான நீங்கள் அந்த 116 ஏக்கரை நினைத்துப் பார்த்தால் என் வருத்தம் புரியும்.

கேள்வி: எங்கள் வார்டில் பூங்கா அமைக்கப் போவதாகக் கூட்டம் போட்டார்கள். சங்கத்துப் பெரியவர்கள் வாக்கிங் பாதை கேட்டார்கள், பையன்கள் கிரிக்கெட் ஆட இடம் கேட்டார்கள். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்காக என்ன கேட்பதென்று தெரியாமல் பேசாமலே வந்துவிட்டேன்.
- வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வியன்னா நகரத்துக்காரர்களும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் முழித்தார்கள். 1990-களில் அங்கே பார்த்தபோது, ஒன்பது பத்து வயது வரை பூங்காவுக்கு வரும் பெண் பிள்ளைகள் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்துபோவது தெரிந்தது. காரணம் ரொம்ப சாதாரணமானது: நடுவில் இருப்பது ஒரே பெரிய திடல், அதைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் போட்டிக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 1999-ல் ஐன்சீட்லர், புரூனோ கிரைஸ்கி என்ற இரண்டு பூங்காக்களை எடுத்து, வாலிபால், பாட்மிண்டனுக்கு இடம் விட்டு, உட்கார்ந்து பேச மேடை, நடக்கக் கூடுதல் பாதை என்று மாற்றினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அதைப் படித்த பிறகு எங்கள் தெருமுனைப் பூங்காவில் நானே ஒரு வாரம் நோட்டோடு உட்கார்ந்தேன். எட்டாவது படிக்கிற வயதில் மூன்று பெண்கள் தினமும் வந்தார்கள். பெஞ்சுகள் எல்லாம் பாதையைப் பார்த்து வரிசையாகப் போட்டிருந்ததால், மூன்று பேர் முகம் பார்த்துப் பேச ஓர் இடம் கிடையாது. சுவரோரம் நின்றே பேசிவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மதியம் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் வேலையை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் அக்காக்கள் வெளியே பிளாட்பாரத்தில் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார்கள், உள்ளே வேப்பமர நிழல் ஆளில்லாமல் கிடக்கிறது. இதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் அந்த அக்காக்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது, கிராம சபை மாதிரி. அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் அதில் பேசலாம். அங்கே போய், டெண்டர் விடுவதற்கு முன் பூங்காவின் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் எல்லோர் பார்வைக்கும் வைக்கச் சொல்லுங்கள். வேலை உத்தரவு கொடுத்த பிறகு ஒரு பெஞ்சை நகர்த்துவதுகூடப் பெரும்பாடு. நீங்கள் சொன்னதைத் தீர்மானத்தில் எழுதினார்களா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதற்கு முன், ஒரு சாயங்காலம் உங்கள் மகளையும் அவளுடைய தோழிகளையும் அந்தக் காலி இடத்துக்கு அழைத்துப் போங்கள். எங்கே உட்காருவார்கள், எங்கே விளையாடுவார்கள், எந்த மூலைக்குப் போக பயம் என்று அவர்களையே நடந்து காட்டச் சொல்லி, ஒரு தாளில் வரைந்து மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.