பழியை யார் தலையில் போடுவது? ரெட் சாக்ஸ் – யாங்கீஸ் கேள்வி பதில்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி 1918-ல் வேர்ல்ட் சீரீஸ் பட்டம், அதாவது அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடரை, வென்றது. அடுத்த பட்டத்துக்கு 2004 வரை, 86 வருஷம், காத்திருந்தது. அந்த இடைவெளியில் நியூயார்க் யாங்கீஸ் 26 பட்டம் எடுத்துக்கொண்டு போனது. இவ்வளவு தோல்விக்கும் யார் காரணம் என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் 1999-லிருந்து மாசசூசெட்ஸ்வாசி, ரெட் சாக்ஸ்காரன். அந்தப் பாசத்தை மறைக்கப் போவதில்லை.

பேஸ்பால் எனக்குப் புதுசு. ஒரு அணி ஒரே எதிரியிடம் திரும்பத் திரும்பத் தோற்றால் முதலில் யாரைக் கேட்க வேண்டும் அண்ணா? – கார்த்திக், ஓசூர்

முதலாளியை, தம்பி. பிறகு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜெனரல் மேனேஜரை. அதன் பிறகு ஆட்டத்தை நடத்தும் மேனேஜரை. வீரர் கடைசியில்தான் வருவார். கிரிக்கெட்டில் களத்துக்குள் முடிவெடுப்பவர் கேப்டன், அவரும் ஆடிக்கொண்டிருப்பார். இங்கே முடிவு முழுக்க வெளியே உட்கார்ந்திருக்கும் மேனேஜர் கையில். பந்து வீசுகிற பிட்சரை எப்போது மாற்றுவது என்பதுதான் அவருடைய பெரிய வேலை. ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அந்த பிட்சர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. அதனால் ஒரு பந்து தாமதித்தாலும் ஆட்டம் போய்விடும்.

ஒரு நாள் தோற்றால் வீரரைக் கேட்கலாம். ஒரு வருஷம் தோற்றால் மேனேஜரை. முப்பது வருஷம் தோற்றால் மாடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவரைத்தான் கேட்க வேண்டும்.

பேப் ரூத்தை விற்ற சாபம்தான் காரணம் என்கிறார்களே? – மல்லிகா, சேலம்

சாபம் என்ற பேச்சு 1990 வாக்கில்தான் ஊரெல்லாம் பரவியது அம்மா. விற்பனை உண்மை. 1919 டிசம்பரில் ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃப்ரேஸி நட்சத்திர வீரர் ரூத்தை 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார். கூடவே யாங்கீஸ் முதலாளியிடம் ஃபென்வே பார்க் மைதானத்தை ஈடு காட்டி 3 லட்சம் டாலர் கடனும் பேசிக்கொண்டார். நாடகம் போடுவதற்காக விற்றார் என்று ஒரு குறிப்பிட்ட இசை நாடகத்தின் பெயரைச் சொல்வார்கள். அது பிராட்வேயில் அரங்கேறியது 1925-ல். அவர் 1923-லேயே அணியைக் கைமாற்றிவிட்டார்.

ரூத் போனதைவிட எனக்கு வலிப்பது அதற்குப் பின்னால் நடந்தது. வெய்ட் ஹாய்ட், ஜோ புஷ், சாம் ஜோன்ஸ், எவரெட் ஸ்காட், ஹெர்ப் பென்னாக் என்று வரிசையாக அதே வீட்டுக்குப் போனார்கள். 1920 சீசன் முடிந்ததும் மேனேஜர் எட் பேரோவும் யாங்கீஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1920 வரை ஒரு லீக் பட்டம்கூட வாங்காத யாங்கீஸ் 1923-ல் முதல் வேர்ல்ட் சீரீஸ் வென்றபோது அணியில் பாதி முகம் பாஸ்டனுக்குத் தெரிந்த முகம். ரெட் சாக்ஸ் 1922 முதல் 1932 வரையான பதினொரு சீசனில் ஒன்பதில் கடைசி இடம். இதைச் சாபம் என்று சொன்னால் கையெழுத்துப் போட்ட கை தப்பித்துவிடுகிறது.

யாங்கீஸிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. அதுதானே ஒரே காரணம்? – அருண், எடிசன், நியூஜெர்சி

பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2004-ல் யாங்கீஸ் சம்பளப் பட்டியல் 18 கோடி டாலர் என்றால் அடுத்த இடத்தில் 12 கோடிக்கு மேல் செலவழித்தது யார்? நாங்கள்தான். டாம் யாக்கி 1933 முதல் 1976 வரை எங்கள் முதலாளி. அவரும் பணக்காரர், செலவுக்கு அஞ்சாதவர். அவர் காலத்தில் ஒரு பட்டம்கூட வரவில்லை.

இன்னொன்று. 1972-ல் ஸ்பார்க்கி லைல் என்ற பிட்சரை டேனி கேட்டருக்குப் பதிலாக யாங்கீஸுக்கே கொடுத்தோம். 1977-ல் லைல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், யாங்கீஸ் சட்டையில். இதற்குப் பணம் காரணம் இல்லை.

1949 பற்றிச் சொல்லுங்கள். தாத்தா ஒருவர் அதைச் சொல்லிக் கண் கலங்கினார். – பிரியா, வெஸ்ட்ஃபோர்ட்

லீக் பட்டம் யாருக்கு என்று தீர இரண்டே ஆட்டம் பாக்கி, இரண்டும் யாங்கீ ஸ்டேடியத்தில். பட்டியலில் ரெட் சாக்ஸ் ஒரு ஆட்டம் முன்னிலை. ஒன்றை வென்றால் போதும். முதல் நாள் 4-0 என்று முன்னால் போய் 5-4 என்று தோற்றார்கள். மறுநாள் எங்கள் பிட்சர் எல்லிஸ் கிண்டர் அருமையாக வீசிக்கொண்டிருந்தார், ஒரே ஒரு ரன் பின்தங்கல். எட்டாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) மேனேஜர் ஜோ மெக்கார்த்தி அவரை எடுத்துவிட்டு வேறொருவரை பேட் பிடிக்க அனுப்பினார். அடுத்து வந்த பிட்சர்களை யாங்கீஸ் அடித்து நான்கு ரன் சேர்த்தது. முடிவு 5-3. அந்தத் தாத்தா கலங்கியதில் நியாயம் இருக்கிறது.

கறுப்பின வீரர்களைச் சேர்க்காததும் காரணம் என்று படித்தேன். மிகைப்படுத்தலா? – ஜோசப், டொராண்டோ

மிகையே இல்லை. என்னைக் கேட்டால் முழுக் கதையும் இங்கேதான் இருக்கிறது. மற்ற எல்லாக் கேள்விக்கும் இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்ல நான் தயார்.

1945 ஏப்ரல் 16. நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் நெருக்கடியால் ரெட் சாக்ஸ் மூன்று கறுப்பின வீரர்களை ஃபென்வேயில் ஆடிக் காட்டச் சொன்னது. ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். ராபின்சன் அடித்த பந்துகள் இடதுபக்கச் சுவரில் மோதித் திரும்பின. மூவருக்கும் அதன் பிறகு ஒரு வார்த்தை தகவல் இல்லை. 1947-ல் ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கி, நவீன பெரிய லீக்கின் முதல் கறுப்பின வீரராக வரலாறு ஆனார். ஜெத்ரோ 1950-ல் லீக்கின் சிறந்த புதுமுகம். எந்த அணிக்கு ஆடி? பாஸ்டன் பிரேவ்ஸ். அதே ஊரின் இன்னொரு அணி!

அப்புறம் பின்னாளில் பெரும் நட்சத்திரமான வில்லி மேஸ். பர்மிங்ஹாமில் ரெட் சாக்ஸின் கிளை அணியும், மேஸ் ஆடிய பிளாக் பேரன்ஸ் அணியும் ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொண்டன. எல்லாரையும்விட முன்னால் அவரைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருந்தது. வேண்டாம் என்றார்கள். எங்கள் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் லெஃப்ட் ஃபீல்டில், பக்கத்திலேயே சென்டரில் வில்லி மேஸ். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

யாங்கீஸும் இதில் உத்தமர்கள் இல்லை. 1955 வரை இழுத்தடித்துத்தான் எல்ஸ்டன் ஹோவர்டை ஆடவிட்டார்கள். ரெட் சாக்ஸோ 1959 ஜூலையில்தான் பம்ப்ஸி கிரீனை இறக்கியது. அன்றைக்கு இருந்த பதினாறு அணிகளில் கடைசி அணி இதுதான். ஊரில் பாதித் திறமைக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஜெயிக்கவில்லையே என்று புலம்பினால் எப்படி? மைதானத்து வாசலில் யாக்கி பெயரில் இருந்த தெருவுக்கு 2018-ல் ஜெர்சி ஸ்ட்ரீட் என்ற பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள். அன்று நான் அந்தப் பக்கம் போய்ப் புதுப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

1978-ல் 14 ஆட்டம் முன்னிலையில் இருந்தும் கோட்டைவிட்டது யார் தப்பு? யாங்கீஸின் பக்கி டென்ட்டுக்குப் பந்து வீசிய நம்ம மைக் டோரஸ்தானே? – செந்தில், டாலஸ்

டோரஸை விட்டுவிடுங்கள் செந்தில். ஜூலை 19-ல் யாங்கீஸைவிட 14 ஆட்டம் முன்னால் இருந்தோம். செப்டம்பர் 7 முதல் 10 வரை ஃபென்வேயில் நான்கு ஆட்டம்: 15-3, 13-2, 7-0, 7-4. நான்கிலும் அடி. கூட்டிப் பார்த்தால் 42-9. முன்னிலை பூஜ்யம்.

தேர்ட் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது இடம்) நின்ற எங்கள் புட்ச் ஹாப்சனுக்கு முழங்கையில் எலும்புச் சில்லுகள். பந்தை எறிவதற்கு முன் அந்தச் சில்லுகளைக் கையால் தள்ளி இடம் மாற்றிக்கொள்வார். அந்த வருஷம் 43 ஃபீல்டிங் பிழை. அவர் வலியோடு ஆடினார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேனேஜர் டான் ஜிம்மர் அவரை உட்கார வைக்கவே இல்லை. கடைசியில் ஹாப்சனே போய் என்னை எடுத்துவிடுங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. யாங்கீஸை அடிக்கடி வீழ்த்திய இடதுகை பிட்சர் பில் லீயை மனஸ்தாபத்தில் ஓரங்கட்டி வைத்தார். இதெல்லாம் டென்ட் அடித்த அக்டோபர் 2-க்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

கடைசி எட்டு ஆட்டமும் வென்று சமன் செய்ததால்தான் யார் முதலிடம் என்று தீர்க்கும் அந்த ஒற்றை ஆட்டமே கிடைத்தது. ஏழாவது இன்னிங்ஸ், நாங்கள் 2-0 முன்னிலை, யாங்கீஸுக்குப் பேஸில் இரண்டு பேர். டென்ட் ஒரு பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு நொண்டினார். ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் அவருடைய சக வீரர் மிக்கி ரிவர்ஸ், உன் பேட்டில் விரிசல் இருக்கிறது என்று வேறு பேட் கொடுத்தனுப்பினார். டோரஸ் கையைச் சூடாக வைத்துக்கொள்ள ஒரு பந்துகூட எறியாமல் நின்றார். அடுத்த பந்து, 37 அடி இடதுபக்கச் சுவரைத் தாண்டியது. அந்த வருஷம் டென்ட்டுக்கு அது ஐந்தாவது ஹோம் ரன்தான். கீழே நின்ற எங்கள் லெஃப்ட் ஃபீல்டர் யஸ்திரெம்ஸ்கி தலையைத் தூக்கிப் பார்த்த வீடியோவை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. முடிவு 5-4.

பில் பக்னர் காலுக்கு நடுவில் பந்தை விட்டதை மன்னிக்க முடியுமா? – வினோத், சிங்கப்பூர்

மன்னிக்க என்ன இருக்கிறது? அது 1986 வேர்ல்ட் சீரீஸின் ஆறாவது ஆட்டம், எதிரணி மெட்ஸ், யாங்கீஸ் இல்லை. ஆனாலும் நியூயார்க்தான் என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் பந்து வருவதற்கு முன்பே 5-3 முன்னிலை கரைந்துவிட்டது. மூன்று பேர் வரிசையாக அடித்தார்கள். எங்கள் பிட்சர் பாப் ஸ்டான்லி எறிந்த பந்து கேட்சரிடம் நிற்காமல் ஓடியதில் 5-5 ஆகியிருந்தது. பக்னர் பிடித்திருந்தாலும் ஆட்டம் தொடர்ந்திருக்கும், அவ்வளவுதான். கணுக்கால் நொந்துபோன மனிதர் அவர். முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸில் அவருக்குப் பதிலாக டேவ் ஸ்டேபிள்டனை நிறுத்துவது மேனேஜர் ஜான் மக்னமாராவின் வழக்கம். அன்றைக்கு நிறுத்தவில்லை. அதற்கடுத்த ஏழாவது ஆட்டத்திலும் 3-0 முன்னிலையைத் தொலைத்தார்கள். அதில் பக்னருக்கு என்ன பங்கு?

2715 ஹிட் அடித்தவரை ஊரே ஒரு பந்தை வைத்து எடைபோட்டது. 2008-ல் ஃபென்வே முதல் நாள் ஆட்டத்தில் முதல் பந்தை எறிய அவரை அழைத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன். கை வலிக்கத் தட்டினேன். வெட்கமும் இருந்தது.

அம்பயர்கள் யாங்கீஸ் பக்கம் என்பது உண்மையா? – முரளி, சென்னை

1999-ல் யாங்கீஸுடனான பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் நடக்கும் தொடர்) இரண்டு முடிவுகள் எங்களுக்கு எதிராகத் தப்பாகப் போயின. அம்பயர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தொடரைத் தோற்றது 4-1 கணக்கில். இதற்குமேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

2003-ல் மேனேஜர் கிரேடி லிட்டிலை வேலையை விட்டு அனுப்பியது நியாயமா? – ஹேமா, ஆக்டன்

நியாயம் என்றுதான் சொல்வேன், மனது கஷ்டப்பட்டாலும். அக்டோபர் 16 ராத்திரி, யாங்கீஸுடன் லீக் பட்டத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். நண்பர் வீட்டு ஹாலில் ஒன்பது பேர். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது எங்கள் பிட்சர் பெட்ரோ மார்டினெஸ் சரியாக 100 பந்து வீசியிருந்தார். உள்ளே வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்தார், என் வேலை முடிந்தது என்பதுபோல. எட்டாவதில் 5-2 முன்னிலை. புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) மைக் டிம்லினும் ஆலன் எம்ப்ரீயும் அந்த மாதம் முழுக்க யாரையும் அண்டவிடாமல் வீசிக்கொண்டிருந்தவர்கள்.

பெட்ரோ மறுபடி வெளியே வந்தார். யாங்கீஸின் ஜீட்டர் அடித்தார். பெர்னி வில்லியம்ஸ் அடித்தார், ஒரு ரன். லிட்டில் நடந்து போனார். ஹாலில் எல்லாரும் அப்பாடா என்று மூச்சுவிட்டோம். பேசினார், தோளைத் தட்டினார், தனியாகத் திரும்பி வந்தார். நண்பரின் மாமியார், பேஸ்பால் ஒன்றும் தெரியாதவர், "அந்தப் புள்ளைய ஏன் இன்னும் நிக்க வச்சிருக்காங்க, களைச்சுப் போயிட்டானே" என்றார். மட்சுய் அடித்தார். பொசாடா அடித்த பந்து யாருக்கும் எட்டாத இடத்தில் விழுந்தது. 5-5. 123 பந்து.

பதினொன்றாவது இன்னிங்ஸில் எங்கள் டிம் வேக்ஃபீல்டின் முதல் பந்தை யாங்கீஸின் ஏரன் பூன் ஹோம் ரனாகத் தூக்கியடித்தார், எல்லாம் முடிந்தது. அந்தத் தொடரில் யாங்கீஸை இரண்டு முறை வென்று கொடுத்தவர் வேக்ஃபீல்ட். அவரை யாரும் திட்டவில்லை. 1986-க்குப் பிறகு ஊர் அவ்வளவாவது கற்றுக்கொண்டிருந்தது. பெட்ரோவிடம் முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார். சாம்பியன் வேறென்ன சொல்வான்? அந்தப் பதிலை நம்பாமல் இருப்பதற்குத்தான் மேனேஜருக்குச் சம்பளம்.

அப்படியானால் 2004-ல் என்னதான் மாறியது? – ராஜேஷ், பெங்களூரு

முதலில் மாடி மாறியது. 2002-ல் ஜான் ஹென்றி குழு அணியை வாங்கியது. அந்த வருஷக் கடைசியில் தியோ எப்ஸ்டீன் 28 வயதில் ஜெனரல் மேனேஜர். மினசோட்டா வேண்டாம் என்று விட்ட டேவிட் ஓர்டீஸை எடுத்தார்கள். 2004 ஜூலையில் ஊரின் செல்லப்பிள்ளை நோமர் கார்சியபாராவையே அனுப்பிவிட்டுத் தடுப்பாட்டத்தைப் பலப்படுத்தினார்கள். அன்றைக்கு நான் கோபப்பட்டேன். அவர்கள் செய்தது சரி.

அந்த வருஷமும் லீக் பட்டத் தொடரில் யாங்கீஸ்தான் எதிரணி. 0-3 என்று பின்தங்கி, மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று நொறுங்கி, நான்காவதிலும் பின்தங்கியபடியே ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்துவிட்டது. யாங்கீஸின் மரியானோ ரிவேரா பந்து வீசுகிறார். கெவின் மில்லர் வாக் (நான்கு தப்பான பந்தால் கிடைக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்) வாங்கினார். அவருக்காக ஓட டேவ் ராபர்ட்ஸை அனுப்பினார் மேனேஜர் டெரி ஃபிரான்கோனா. ரிவேரா மூன்று முறை ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து மிரட்டினார். பேட்டருக்கு எறிந்த முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடி, பந்து அடிபடாமலேயே செகண்ட் பேஸைத் திருடிவிட்டார். பில் முல்லர் அடித்தார். ஆட்டம் சமன். பன்னிரண்டாவதில் ஓர்டீஸ் ஹோம் ரன். அங்கிருந்து நான்கு ஆட்டமும் வென்றார்கள். இந்த ஒரு நொடிக்காகவே ராபர்ட்ஸை ஜூலை 31-ல் வாங்கி வைத்திருந்தார்கள்.

என் பத்து வயதுப் பையன் லிட்டில் லீக் ஆடுகிறான். பக்கத்து ஊர் அணியிடம் மூன்றாவது முறை தோற்றார்கள். கடைசிப் பந்தை இவன் தவறவிட்டதால் எல்லாரும் இவனைச் சொல்கிறார்கள். பேஸ்பாலே வேண்டாம் என்கிறான். – ஒரு அம்மா, ஷ்ரூஸ்பரி

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். கோச்சிடம் ஸ்கோர் புக்கை ஒருநாள் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் இன்னிங்ஸிலிருந்து விரலை வைத்துப் படியுங்கள். எத்தனை வாக் கொடுத்தார்கள், எத்தனை பேர் பேஸில் நின்றபோது பேட்டிங் முடிந்தது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். அவன் விட்ட பந்து அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தில், 'இ' (E, அதாவது பிழை) என்ற ஒரு எழுத்தாக இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு வேலை இல்லை. உங்கள் ஊர் அரைமணி நேரம்தான். தரையில் உருண்டு வரும் பந்தை நூறு தடவை எறிகிறேன், அவன் கையுறையைக் கொண்டு வரட்டும்.