மடக்கும் போனும் கிரவல் வீதியும்

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே நடுவில் மடித்துச் சட்டைப்பைக்குள் போடும் பிளிப் போன் பற்றியவை. ஒரே மாதிரிக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் அநேகர் சம்சுங் கேலக்ஸி இசட் பிளிப் 7இன் பெயரையே எழுதியிருந்தார்கள். 2025 ஜூலையில் வெளிவந்த அந்த மாதிரியை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறேன். முகநூலில் போடுவதற்கு வீடியோ எடுக்க வேண்டும். அடுத்த மாதம் சீட்டுக் காசு கைக்கு வருகிறது. பிளிப் போன் வாங்கலாமா? வீட்டில் எல்லோரும் அதை விளையாட்டுச் சாமான் என்கிறார்கள்.

விளையாட்டுச் சாமான் அல்ல. இன்னும் சொன்னால், இந்தப் போனால் உண்மையில் பயன்பெறக்கூடிய சிலரில் நீங்களும் ஒருவர். பாதி மடித்து மேசையில் வைத்தால் போன் தானாக நிற்கும். முக்காலி தேவையில்லை, பிடித்துக்கொள்ளத் தம்பியைக் கூப்பிடவும் தேவையில்லை. மூடியிருக்கும்போது வெளிப்பக்கத்தில் 4.1 அங்குலத் திரை இருக்கிறது. சாதாரணப் போனில் உங்களையே பார்த்தபடி படம் எடுக்க, முன்பக்கத்துச் சிறிய கமராவைத்தான் நம்ப வேண்டும். இதில் 50 மெகாபிக்சல் முதன்மைக் கமராவாலேயே எடுத்துக்கொண்டு, வெளித்திரையில் உங்களைப் பார்க்கலாம். கையில் கிரீம் அப்பியிருக்கும் நேரத்தில் வரும் ஓடர்களை, போனைத் திறக்காமலே அந்தத் திரையில் வாசித்துவிடலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். வெளிவந்தபோது அமெரிக்காவில் இதன் விலை 1,099 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 3 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா; இங்கத்தைய வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். அதே காசுக்கு மடங்காத போன் வாங்கினால் தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் தனியாகக் கிடைக்கும். இதில் அது இல்லை. பற்றரியும் பெரிதாகக் கிடைக்கும். இதில் 4,300 மில்லி அம்பியர் மணிதான், சார்ஜ் ஏறுவதும் 25 வாட் வேகத்தில். காலையிலிருந்து வீடியோ எடுப்பவருக்குப் பின்னேரம் வயரைத் தேட வேண்டிவரும்.

கடைக்காரர் சொல்ல மறக்கும் ஒன்றும் உண்டு. உங்கள் குசினியில் பறப்பது கோதுமை மாவும் ஐசிங் சீனியும். மடக்கும் போனின் பிணைச்சலுக்கு இவை இரண்டும் ஆகாது. ஐசிங் சலிக்கும் மேசையில் போனைத் திறந்து வைப்பது, தையல் இயந்திரத்தின் எண்ணெய்த் துளையில் மணல் போடுவது மாதிரி. சலித்து முடித்து, மேசையைத் துடைத்த பிறகு வெளியே எடுங்கள்.

என் தீர்ப்பு இது. ஓடர்கள் இப்போதே கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்து, சீட்டுக் காசு உங்கள் கையிலுள்ள ஒரே காசாக இல்லாவிட்டால், வாங்குங்கள். வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் காசை விட்டால் வேறு இல்லை என்றால், நல்ல நடுத்தர விலைப் போனும் ஒரு முக்காலியும் வெளிச்சத்துக்கு ஒரு வட்ட விளக்கும் வாங்கி, மிச்சத்தில் அவணைப் பெரிதாக்குங்கள். தவணைக் கடனில் மட்டும் வேண்டாம். இந்தப் பகுதியில் கிழமைக் கடன் கட்டிக் களைத்த பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். போன் கீழே விழுந்து திரை போனாலும் தவணை நிற்காது.

கேள்வி: விசுவமடுவிலிருந்து ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் வயல் பார்க்கப் போகிறவன் நான். பிளிப் போனின் பெட்டியில் ஐபி48 என்று இருக்கிறது. "தண்ணீரும் போகாது, தூசும் போகாது" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பாதியை நம்பலாம். அந்த இரண்டு இலக்கங்களையும் சேர்த்து நாற்பத்தெட்டு என்று வாசிக்கக் கூடாது. தனித்தனியாக வாசிக்க வேண்டும். இரண்டாவது இலக்கமான 8 தண்ணீருக்கு. 1.5 மீற்றர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது கம்பனியின் கணக்கு. மழையில் நனைந்தால் பயப்பட வேண்டாம். முதலாவது இலக்கமான 4தான் தூசுக்கு. அதன் பொருள், ஒரு மில்லிமீற்றரும் அதற்கு மேலும் உள்ள துணிக்கைகள் உள்ளே போகா என்பதுதான். அதைவிடச் சிறியவை பற்றி அந்த இலக்கம் எந்த வாக்குறுதியும் தரவில்லை. தூசுக்கு முழுக் காப்பு வேண்டுமென்றால் அந்த இடத்தில் 6 இருக்க வேண்டும். விலை கூடிய மடங்காத போன்களில் ஐபி68 வந்து பல வருடமாகிறது.

சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் கிரவல் வீதிகளில் எழும்பும் செம்புழுதியில் ஒரு மில்லிமீற்றர் மணிகள் எத்தனை? முகத்தில் அப்புவதெல்லாம் மாவு மாதிரி நுண்ணிய தூள். சிறுபோக அறுவடையில் இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பவருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் போன்களைச் சோதிக்கும் இடங்களில் ஏ35 வீதியின் கிளைப் பாதைகள் இருக்காது என்று நினைக்கிறேன்.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 2020இல் வந்த முதல் பிளிப்பிலேயே பிணைச்சலுக்குள் நைலோன் இழைத் தூரிகை வைத்து, புகும் தூசைக் கூட்டித் தள்ளப் பார்த்தார்கள். 2025இல் கூகுளின் பிக்சல் 10 புரோ போல்ட் ஐபி68 தரத்தோடு வந்தது. ஆனால் அது புத்தகம் மாதிரி விரியும் பெரிய போன், விலையும் அப்படித்தான்.

பிணைச்சல் எத்தனை தரம் மடங்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சம்சுங் தன் பிளிப் வரிசைக்கு நெடுங்காலமாகச் சொல்லிவந்த கணக்கு 200,000 தடவை. நாளுக்கு 100 தடவை திறந்தாலும் ஐந்தரை ஆண்டு வரும். அந்த எண்ணிக்கையில் எனக்குக் குறை இல்லை. பிணைச்சல் தேய்வதற்கு முன்பே உள்ளே சிக்கிய ஒரு மணல் திரையை அடியிலிருந்து குத்திவிடும் என்பதுதான் என் கவலை.

வயலுக்குப் போகும்போது பழைய போனைக் கொண்டுபோங்கள். ஒரே போன்தான் என்றால் பிளிப் உங்களுக்கு வேண்டாம். ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: புழுதியைப் போக்குவதாக நினைத்து ரயர் கடையில் காற்றடிக்கக் கொடுக்காதீர்கள். வெளியே நிற்கும் தூசை அந்தக் காற்று உள்ளே தள்ளிவிடும். மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: முல்லைத்தீவில் கடற்றொழில். தண்ணீர் போகாது என்றால் கடலுக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அந்த 8 நன்னீருக்கு மட்டும். கடற்கரைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று கம்பனியே எழுதுகிறது. உப்பும் மணலும் ஒன்றாகச் சேரும் இடத்துக்குப் பிணைச்சல் உள்ள எதையும் கொண்டுபோவது புத்தியல்ல.

கேள்வி: வவுனியாவில் ஒரு கடையில் பிளிப் போன் வாங்கினேன். சில மாதங்களில் உள்ளே மடியும் இடத்தில் பிளாஸ்டிக் தாள் கிளம்பிக் குமிழ் விட்டது. திருத்துமிடத்தில் "இது வெறும் டெம்பர் மாதிரித்தான், உரித்துவிட்டு வேறு ஒட்டித் தருகிறேன்" என்றார்கள். உரிக்கலாமா?

கை வைக்காதீர்கள். அது நாங்கள் கடையில் காசு கொடுத்து ஒட்டும் டெம்பர் அல்ல. திரையின் ஓர் அங்கம். அதன் கீழே இருக்கும் கண்ணாடி மடங்குவதற்காகவே மிக மெல்லியதாகச் செய்யப்பட்டது. முதல் பிளிப்பில் அதன் தடிப்பு 0.03 மில்லிமீற்றர். மேலே உள்ள தாள் போனால் நகம் பட்டாலும் கீறும், சிறு அடி பட்டாலும் வெடிக்கும். உரித்தவர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு வரலாறே உண்டு. 2019 ஏப்ரலில், சம்சுங்கின் முதல் மடக்கும் போன் விற்பனைக்கு வருமுன்பே அதை மதிப்பீட்டுக்காகப் பெற்ற சிலர், இதே தாளை மேலுறை என்று நினைத்து உரித்தார்கள். திரைகள் செத்தன. வேறு குறைகளும் சேர்ந்துகொள்ள, வெளியீடு செப்டெம்பர் வரை தள்ளிப்போனது.

தாள் கிளம்புவது இந்த வகைப் போன்களில் அரிதல்ல. அதைக் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற திருத்தகத்தில் மாற்றலாம். உத்தரவாதக் காலம் இன்னும் இருக்கிறதா என்று பற்றுச்சீட்டைப் பாருங்கள். விற்ற கடை கையை விரித்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் போகலாம். தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் "அடுத்த கிழமை வாருங்கள், அடுத்த மாதம் வாருங்கள்" என்று கடைக்காரர் இழுத்தால் நாட்களை எண்ணிக்கொண்டிருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது கடைக்காரரின் கடமை, அவர் செய்யும் உபகாரம் அல்ல.

எங்கள் ஊர்த் திருத்துநர்களைக் குறைசொல்ல வரவில்லை. சாதாரணப் போனின் திரையை அரை மணி நேரத்தில் மாற்றித் தரும் பிள்ளைகள் பரந்தனிலும் இருக்கிறார்கள், மாங்குளத்திலும் இருக்கிறார்கள். மடக்கும் திரை வேறு வேலை. உதிரிப்பாகம் கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் அதன் விலைக்கு இன்னொரு நல்ல போன் வாங்கலாம். ஆகவே, புதிதாக வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்கும்போதே "உள்திரை போனால் எங்கே கொண்டுபோக வேண்டும், எவ்வளவு வரும்?" என்றும் கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: மல்லாவியில் ஒருவர் பாவித்த பிளிப் 4ஐ நல்ல விலைக்குத் தருகிறார். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஆண்டைப் பாருங்கள். பிளிப் 4 வெளிவந்தது 2022இல். அதற்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பு இற்றைப்படுத்தல் ஐந்து ஆண்டு, 2027உடன் முடிகிறது. வங்கிச் செயலிகளைப் போனில் வைத்திருப்பவர் இதை யோசிக்க வேண்டும். பிளிப் 6க்கும் 7க்கும் ஏழு ஆண்டு. தவிர, பிளிப் 4இன் வெளித்திரை 1.9 அங்குலம். மணி பார்க்கலாம், யார் அழைக்கிறார் என்று பார்க்கலாம், அவ்வளவுதான். வெளித்திரை உருப்படியாக வந்தது 2023இன் பிளிப் 5இல்தான்.

கையில் எடுத்தால், அமைதியான இடத்தில் காதருகே வைத்து மெல்லத் திறந்து மூடுங்கள். நறநற என்ற சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். முழுதாகத் திறந்தால் தட்டையாக நிற்கிறதா, பாதியில் விட்டால் அந்தக் கோணத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து ஒளியை உச்சத்தில் வையுங்கள். மடிப்பில் ஒரு பள்ளம் தெரிவது எல்லா மடக்கும் போனிலும் இருப்பதுதான், அது குறையல்ல. மடிப்பை ஒட்டிக் கறுப்பிலோ பச்சையிலோ மெல்லிய கோடு தெரிந்தால் அந்தத் திரையின் காலம் முடிகிறது. "ஒரு சின்னக் கோடுதானே" என்பார். அது சின்னதாகவே இருக்காது. பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கை உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சுவிஸில் இருக்கும் அண்ணா பிளிப் 7 வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். புதுக்குடியிருப்பில் வேலை செய்யுமா?

வேலை செய்யும், சில விசயங்களைப் பார்த்துக்கொண்டால். அவர் ஒப்பந்தத்தில் வாங்கியதா, முழுக் காசு கொடுத்து வாங்கியதா என்று கேளுங்கள். ஒப்பந்தப் போனில், வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காத சிம் பூட்டு இருக்கலாம். இதில் ஒரு சிம் அட்டைக்குத்தான் இடம், இரண்டாவது இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம். வீட்டில் ஒரு வலையமைப்பும் தோட்டத்தில் இன்னொன்றும் என்று இரண்டு அட்டை போட்டுப் பழகியவர்கள் தங்கள் நிறுவனத்திடம் இ-சிம் கேட்க வேண்டும். நினைவக அட்டை போடவும் இடம் இல்லை. உத்தரவாதம் அநேகமாக வாங்கிய நாட்டில்தான் செல்லும். பழுதானால் அண்ணாவிடமே திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

எல்லாவற்றையும் விடப் பெரிது பதிவு. அண்ணாவை *#06# என்று அழுத்தச் சொல்லி, திரையில் வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்களை, அதாவது போனின் அடையாள எண்களை, வாங்குங்கள். சிம்முக்கு ஒன்று, இ-சிம்முக்கு ஒன்று என இரண்டு வரும். ஐ.எம்.ஈ.ஐ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, எண்ணை எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். வெளிநாட்டில் வாங்கியது பதிவில் இல்லை என்றுதான் வரக்கூடும். அப்படியானால் தனிப்பட்ட பாவனைப் போனைப் பதியும் வழியை ஆணைக்குழுவிடம் இப்போதே விசாரியுங்கள், போன் வந்து இறங்கிய பிறகு அல்ல. உள்ளூர்க் கடையில் வாங்குபவர்களும் காசு கொடுக்குமுன் இதே சோதனையைச் செய்யலாம். "பெட்டியைப் பிரித்தால்தான் எண் தெரியும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம், பெட்டியின் வெளியிலேயே அச்சிட்டிருக்கும்.

இதயத்துடிப்புக் கருவி பொருத்திய யாராவது வீட்டில் இருந்தால் இன்னொன்று. இந்தப் போன்களில் காந்தம் இருக்கிறது. சட்டையின் நெஞ்சுப்பையில் போடக் கூடாது.

கேள்வி: மாங்குளத்தில் இருக்கும் அப்பப்பா, "மடக்கும் போன் வந்திருக்காம், எனக்கும் ஒன்று" என்கிறார். மூன்று இலட்சத்துக்கு எங்கே போவது?

அவர் கேட்பது அந்தப் போனாக இருக்காது. பட்டன் உள்ள பழைய மாதிரி மடக்குப் போனாக இருக்கும். அதுவும் இன்னும் கிடைக்கிறது. 2022இல் வந்த நோக்கியா 2660 பிளிப் 4ஜியில் வேலை செய்யும். பட்டன்கள் பெரிது, பற்றரியைக் கழற்றி மாற்றலாம், அவசரத்துக்குத் தனிப் பட்டனும் உண்டு. மூடினால் பட்டன்கள் தவறி அமுங்கா. வட்ஸ்அப் மட்டும் இதில் இல்லை. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத்தான் போன் கேட்கிறார் என்றால் இது சரிவராது. வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.